வளைவில் விடும் பூட்டு: மலையகப் பாதைகளும் டிஃப் லொக்கும்

 

சிறிய ஜீப் வைத்திருக்கும் எமது பகுதித் தம்பிமார் மத்தியில் இப்போது ஒரே பேச்சு: "டிஃப் லொக் போடுவோமா? போட்டால் எதைப் போடுவது?" கராஜில் ஒரு பதில் கிடைக்கிறது, யூடியூப்பில் இன்னொரு பதில். யூடியூப்பில் பேசுகிறவர் பெரும்பாலும் அவுஸ்திரேலிய மணலிலோ அமெரிக்கப் பாறையிலோ நிற்கிறார். பொகவந்தலாவைக்கு மேலே, ஒரு பக்கம் மண் மதிலும் மறுபக்கம் தேயிலைச் சரிவும் உள்ள ஒன்பதடிப் பாதையில், மழை இருட்டில், பின் ஆசனத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அவர் ஓட்டியதில்லை.

ஆகவே இந்தக் கேள்வியை நமது பாதையில் வைத்துப் பார்ப்போம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற விடையும் அதிலேயே கிடைக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

*

மலைக்குப் பொருள் ஏற்றுவது நமது முன்னோருக்குப் புதிதல்ல. கண்டி அரசர் காலத்தில் மடிகே பத்த என்றொரு போக்குவரத்துப் பிரிவு இருந்தது. அதில் கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள். தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டு வந்தன, மலையிலிருந்து பாக்கு முதலியவற்றை இறக்கின. பொதிமாட்டுக்குச் சக்கரம் இல்லை. ஆகவே இன்று நாம் பேசப்போகும் பிரச்சினையும் அதற்கு இல்லை. நான்கு கால்களும் தனித்தனியே இடம் பார்த்து வைக்கும்.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், பாதை வந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், பாதை அமைத்த தோமஸ் ஸ்கின்னர் ஆகியோரின் பெயர்களைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். கோப்பித் தோட்டங்கள் மலையில் ஏற ஏற, மாட்டு வண்டி கோப்பியைக் கொழும்புக்கு இறக்கியது. காளை இழுக்கக்கூடிய ஏற்றத்துக்கு மேல் பாதை போட முடியாது. அதனால் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்தது. நமது பாதைகளின் வளைவுகளுக்கு முதற்காரணம் காளையின் பலம்தான் என்று சொல்லலாம்.

அந்த மாட்டு வண்டியின் சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அச்சு சுழலாது. இரண்டு சக்கரங்களும் அச்சின் நுனிகளில் தனித்தனியே சுழலும். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுழலும், உட்சக்கரம் குறைவாகச் சுழலும். இழுப்பது காளை என்பதால் சக்கரத்துக்கு யாரும் பலம் கொடுக்க வேண்டியதில்லை. இது முதலாவது தீர்வு: இரண்டு சக்கரங்களையும் முழுமையாக விட்டுவிடுவது.

இரண்டாவது தீர்வு ரயிலோடு வந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருடம் கழித்து 1869இல் கோப்பியில் இலைநோய் தென்பட்டது, தேயிலையின் காலம் தொடங்கியது. பாதை நாவலப்பிட்டிக்கு 1874இலும், ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் வந்து சேர்ந்தது. ரயிலின் ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களும் அச்சோடு இறுக்கப்பட்டவை. ஒன்று சுழன்றால் மற்றதும் அதே அளவு சுழன்றாக வேண்டும். அப்படியானால் அது வளைவில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் ஓடும் பரப்பு கூம்பு போலச் சற்றுச் சரிவாக இருக்கும். வளைவில் அச்சு வெளிப்பக்கம் தள்ளப்படும்போது வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் தன் சிறுத்த பகுதியிலும் ஓடும். ஆனால் நமது மலைப்பாதையின் மிகக் கூரிய வளைவுகளின் ஆரை 5 செயின், அதாவது ஏறக்குறைய 100 மீட்டர்தான். அவ்வளவு நெருக்கமான வளைவுக்கு அந்தக் கூம்பு போதாது. கூரிய வளைவில் ரயில் போடும் அந்தக் கீச்சுச் சத்தம், பூட்டிய அச்சு இரும்பின் மீது உராயும் சத்தம். பூட்டிய அச்சை வளைவில் திருப்பினால் என்ன நடக்கும் என்பதை நமக்கு அது தினமும் சொல்லிக்கொண்டே போகிறது.

*

மூன்றாவது தீர்வு மோட்டார் வாகனத்துக்கு உரியது. மோட்டார் வாகனம் சக்கரத்துக்குப் பலமும் கொடுக்க வேண்டும், வளைவில் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். 1820களின் இறுதியில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரக் கைவினைஞர் நீராவி வண்டிக்காக இதற்குப் பற்சக்கர அமைப்பொன்றைச் செய்து உரிமம் பெற்றார். 1877இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதே கருத்தைப் பயன்படுத்தினார். இன்று ஜீப்பின் பின்பக்கம் குடம்போலத் தொங்குகிறதே, அந்த டிஃபரன்ஷியல் இவற்றின் வாரிசு.

வளைவில் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண தரத்து மாணவனுக்கும் தெரிந்த கணக்குத்தான். சிறிய ஜீப்பின் இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.2 மீட்டர். முழுவதும் திரும்பி வரும் ஓர் ஊசிமுனை வளைவு அரை வட்டம். வெளிச் சக்கரத்தின் பாதைக்கும் உட்சக்கரத்தின் பாதைக்கும் உள்ள வித்தியாசம் 1.2ஐ 3.14ஆல் பெருக்கினால் வரும்: ஏறக்குறைய 3.75 மீட்டர். வளைவு பெரிதோ சிறிதோ, அரை வட்டமாக இருந்தால் இந்த வித்தியாசம் மாறாது. டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்றால், வெளிச் சக்கரம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று கூடுதலாகச் சுழல வேண்டும். அச்சைப் பூட்டிவிட்டால் அந்த 3.75 மீட்டரும் டயர் வழுக்கி இழுபட்டே தீர வேண்டும். பத்து வளைவுக்கு 37 மீட்டர். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு என்று வாழும் நமது ஊரில் இது சிறிய விடயமா?

அப்படியானால் டிஃபரன்ஷியல் நல்லது, அதை ஏன் பூட்ட வேண்டும்? அதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான பலத்தையே கொடுக்கும். சமம் என்றால் நீதி என்று நினைக்கிறோம். இங்கே சமம் என்றால் இரண்டில் பலவீனமானவன் எவ்வளவு தாங்குகிறானோ அவ்வளவுதான் இருவருக்கும். 1000 கிலோ எடையுள்ள ஜீப் ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏறச் சுமார் 200 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை வேண்டும். ஒரு பின் சக்கரம் சேற்றில் இருக்கிறது, அது 20 கிலோவுக்கு மேல் தாங்காமல் சுழல்கிறது என்று வைப்போம். காய்ந்த கல்லில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே 20 கிலோதான் போகும். மொத்தம் 40. வண்டி நகராது. ஃபோர் வீல் போட்டாலும், முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் எதிர் மூலையில் ஒன்றும் பள்ளத்தில் தொங்கினால் கதை அதேதான்.

ஆகவே நமக்கு வேண்டியது வளைவில் விடுகிற, சேற்றில் பிடிக்கிற ஒரு பொருள். அதன் பெயர்தான் டிஃப் லொக்.

*

இந்தப் பூட்டைப் பிரபலமாக்கியது சாகசக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதை முதலில் நம்பி வாழ்ந்தவர்கள் விவசாயிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மனி சிதைந்து கிடந்த நேரத்தில், ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்ற பொறியியலாளர் விவசாயிக்கு ஒரு வண்டி வரைந்தார். 1948இல் அது உற்பத்திக்கு வந்தது. பெயர் உனிமொக். அதன் சக்கர இடைவெளி எதைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது தெரியுமா? இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம்! நுவரெலியாவில் கிழங்கு போடுகிறவர்களுக்கு இது இனிக்கும் செய்தி. அந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பூட்டு இருந்தது. சாரதி வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது எடுக்கலாம்.

நமது தோட்டங்களில் இதே பாடத்தைச் சொல்லித் தந்தது ட்ரக்டர். மெஸி ஃபெர்குஸன் 135 வகை 1964இல் வந்தது. இந்தியாவில் டாஃபே நிறுவனம் மெஸி ஃபெர்குஸன் கூட்டோடு தயாரித்த ட்ரக்டர்களும் இங்கே பழக்கமானவை. கொழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு மலையிலிருந்து ஸ்டோருக்குப் போகும் ட்ரக்டரின் சாரதியிடம் கேளுங்கள். வலது குதிகாலுக்குக் கீழே ஒரு சிறு மிதி இருக்கும். ஒரு சக்கரம் சுழன்று நின்றால் குதிகாலால் அதை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகும், வண்டி வெளியே வரும். காலை எடுத்தால், சுமை குறைந்ததும் வில் பூட்டை விடுவித்துவிடும்.

மூத்த ட்ரக்டர் சாரதிமார் இதற்கு இரண்டு விதி சொல்வார்கள். சக்கரம் வெறியோடு சுழலும்போது மிதிக்காதே, ஏனென்றால் பல் உடையும். திரும்புவதற்கு முன் காலை எடு, ஏனென்றால் வண்டி திரும்பாது. டிஃப் லொக் பற்றி எழுதப்பட்ட பெரிய புத்தகங்களின் சாரமும் இந்த இரண்டு வரிதான். பூட்டு என்பது சிக்கிய அந்த ஒரு மீட்டருக்கு உரியது, போகும் மைலுக்கு உரியதல்ல.

*

துரைமாரின் வாகனத்துக்கு வருவோம். லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. தோட்டம் என்ற சொல்லோடு அந்தப் பெட்டி வடிவம் சேர்ந்தே நமது மூத்தவர்களின் நினைவில் இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிறைந்த அந்தக் காலத்தில், 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, பழைய வண்டியைப் பழைய பாகத்தால் ஓட்டிய பெருமை நமது பாஸ்மாருக்கு உரியது. 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் பொறுப்பேற்றபோதும் பல பாதைகள் காளை வண்டிக் காலத்து அகலத்திலேயே இருந்தன.

முக்கியமான செய்தி இதுதான்: அந்த லேண்ட் ரோவர்கள் எதிலும் தொழிற்சாலையிலிருந்து அச்சுப் பூட்டு வந்ததில்லை. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பிலும் இல்லை. ஆனாலும் அவை மலை ஏறின. நம்மைப் போன்ற இன்னொரு தேயிலை நாடு டார்ஜிலிங். அங்கே மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குக் கற்பாதையில் அதே பழைய லேண்ட் ரோவர்கள் பல்லாண்டுகளாகப் பயணிகளை ஏற்றின. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கமிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். இந்த இடங்களிலெல்லாம் வண்டியை ஏற்றியது முதலில் லோ கியர், அடுத்தது டயர், எல்லாவற்றுக்கும் மேலாக எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தெரிந்த சாரதியின் கண்.

பழைய சாரதிமாரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஒரு சக்கரம் சுழன்றால் கால் பிரேக்கை மெதுவாகத் தொட்டுக்கொண்டே வேகம் கொடுப்பார்கள். சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் ஒரு தடை கொடுக்கும், அந்த அளவு பலம் மற்றச் சக்கரத்துக்கும் போகும். ஹேண்ட் பிரேக்கால் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். லேண்ட் ரோவரிலும் பழைய சிறிய சுசுகி சிலவற்றிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிஃபரன்ஷியலுக்கு முன்னால் சுழலும் தண்டைப் பிடிக்கும். ஆகவே அந்த வித்தைக்கு அது உதவாது.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. அப்படிப்பட்ட வண்டியை ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பிச் சரிவில் நிறுத்தி, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு மற்றச் சக்கரத்தை உருளவிடும். வண்டி ஜாக்கிலிருந்து விழுந்து ஓடும். அந்தக் காலத்து லொறி கிளீனர் பையன் வண்டி நிற்குமுன் கட்டையோடு குதிப்பான் அல்லவா? அந்தக் கட்டையை மறக்காதீர்கள்.

*

இப்போது சிறிய ஜீப். சுசுகி ஜிம்னியின் முதல் வகை 1970இல் ஜப்பானில் 360 சிசிக்கும் குறைந்த இயந்திரத்தோடு வந்தது. 1981இல் இரண்டாவது தலைமுறை, நம்மவர் அன்போடு சொல்லும் எஸ்ஜே 410. இந்தியாவில் அதுவே 1985இல் மாருதி ஜிப்ஸியாக ஓடத் தொடங்கியது. 1998இல் மூன்றாவது தலைமுறை, 2018இல் நான்காவது. நமது நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய ஜீப்புக்கு மவுசு ஏறியது. முப்பது நாற்பது வயது வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டுவது பலருக்குத் தொழிலானது.

யாருக்காக ஓடுகிறது அந்த ஜீப்? சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு. மற்ற நாட்களில் மேல் டிவிஷன் நோயாளிக்கு, பஸ் போகாத பாடசாலைக்குப் போகும் ஆசிரியருக்கு, மையித்தைக் கொண்டுவர, மரக்கறி மூட்டைக்கு. ஆகவே இதில் எடுக்கும் முடிவு வண்டிச் சொந்தக்காரருடைய பணத்தோடு மட்டும் முடிவதில்லை.

சந்தையிலுள்ள வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வெல்டிங். டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சிறிய பற்சக்கரங்களை ஒட்டவைத்துவிடுவது. ஆகக் குறைந்த செலவு. அச்சு நிரந்தரமாகப் பூட்டப்படும், அதாவது ரயில் அச்சு. ஆனால் ரயிலுக்குள்ள கூம்பும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மேலே போட்ட 3.75 மீட்டர் கணக்கை ஒவ்வொரு வளைவிலும் டயரும் எக்சலும் கட்டும். ஈரத் தார்ப்பாதையில் திருப்பினால் வண்டி நேரே போகப் பார்க்கும். நேரே என்றால் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். பொதுப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, லிமிட்டட் ஸ்லிப். 1930களில் ஃபெர்டினண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் பலம் கூடி உட்சக்கரம் சுழன்று டயர் எரிந்தது. 1935இல் அவர் இசட்.எஃப். நிறுவனத்தை அதற்கொரு தீர்வு செய்யச் சொன்னார். பிற்காலத்தில் கிளட்ச் தட்டுகளால் ஆன வகையும் முழுக்கப் பற்சக்கரங்களால் ஆன வகையும் பரவின. இவை மென்மையானவை, பாதையில் பிரச்சினை தராதவை. ஆனால் இவை முழுமையாகப் பூட்டுவதில்லை. பற்சக்கர வகை ஒரு சக்கரத்தின் பிடியை மூன்று நான்கு மடங்காக்கி மற்றச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடி சுழியம். சுழியத்தை எத்தனையால் பெருக்கினாலும் சுழியம்தான். அப்போது மறுபடி பிரேக்கைத் தொட வேண்டும்.

மூன்றாவது, தானியங்கிப் பூட்டு. லொக்-ரைட், டெட்ராய்ட் லொக்கர் போன்றவை. இவை பலம் கொடுக்கும்போது பூட்டிக்கொள்ளும், வளைவில் வெளிச் சக்கரம் முந்தும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடும். லொக்-ரைட் வகை இருக்கும் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே சிறிய பற்சக்கரங்களுக்குப் பதிலாக இருந்துகொள்ளும், காற்றுக் குழாய் இல்லை, வயர் இல்லை, விலையும் குறைவு. அதனால்தான் தம்பிமாரின் கண் இதில் விழுகிறது.

பிரச்சினை என்ன? எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று தீர்மானிப்பது சாரதி அல்ல, பெட்டி. வளைவின் நடுவே வேகம் கொடுத்தால் உட்சக்கரம் மட்டுமே தள்ளும், வண்டி வெளிப்பக்கம் போகப் பார்க்கும். காலை எடுத்தால் குணம் மாறும். நீளமான லொறியில் இந்த மாற்றம் தெரியாது. எஸ்ஜே 410இன் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.03 மீட்டர்தான். அவ்வளவு குட்டையான வண்டியில், மழை வழுவழுப்பில், ஒவ்வொரு வளைவிலும் அந்த உதறல் தெரியும். நேரான நீண்ட பாதையும் இடையிடையே சேறும் உள்ள நாட்டுக்கு அது பொருந்தலாம். வளைவே பாதையாக இருக்கும் நாட்டுக்கு அல்ல.

நான்காவது, சாரதி போடும் பூட்டு. ட்ரக்டர் மிதியின் வாரிசு இதுதான். 1979இல் வந்த மெர்சிடிஸ் ஜி வேகனில் முன், பின் அச்சுப் பூட்டுகள் கிடைத்தன. பெரிய டொயோட்டா லேண்ட் குரூஸர்களில் மின்சாரத்தால் இயங்கும் பூட்டு வந்தது. 1975இல் மெல்பர்னில் டோனி பிரவுன் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம், 1987இல் ரொபர்ட்ஸ் டிஃப் லொக் என்ற அவுஸ்திரேலியக் கண்டுபிடிப்பின் உரிமையை வாங்கி, காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லொக்கர் ஆக்கியது. பொத்தானை அழுத்தினால் சிறு கொம்பிரஸர் காற்றை அனுப்பும், அச்சு முழுமையாகப் பூட்டும். பொத்தானை எடுத்தால் வில் அதை விடுவிக்கும். காற்றுக் குழாய் அறுந்தாலும் அது விடுபட்ட நிலைக்கே திரும்பும். பழுதுபட்டால் சாதாரண டிஃபரன்ஷியல் ஆகிவிடும் பூட்டு, நமது பாதைக்கு உகந்த பூட்டு. விலை கூடுதல், பொருத்தும் வேலையும் கூடுதல் என்பதை மறைக்கவில்லை.

ஐந்தாவது, 2018 ஜிம்னி போன்ற புதிய வண்டிகளில் ஏற்கனவே இருக்கும் இலத்திரனியல் முறை. சுழலும் சக்கரத்தைக் கணினி தானே பிரேக் பிடிக்கும். பழைய சாரதியின் கால் வித்தையைக் கம்பியில் கோர்த்த மாதிரி. நமது தேவையில் பெரும்பகுதிக்கு இதுவே போதும். நீண்ட சேற்று ஏற்றத்தில் பிரேக் சூடாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வண்டி வைத்திருப்பவர் அவசரப்பட்டுப் பூட்டு வாங்க வேண்டியதில்லை.

*

எந்த வகையானாலும், பூட்டியிருக்கும் நேரத்தில் ஓர் ஆபத்து உண்டு. கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

ஒரு சக்கரம் சுழன்று வழுக்கும்போது அது முன்னோக்கிய பிடியை மட்டும் இழப்பதில்லை, பக்கவாட்டுப் பிடியையும் இழக்கிறது. திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது ஏறக்குறைய நிற்கிறது. வண்டி முன்னேறாது, ஆனால் நிற்கும் சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து சுழலும். பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் வண்டியின் பின்பகுதி அந்தத் தாழ்ந்த பக்கத்துக்கு அப்படியே இறங்கும். நமது தோட்டப் பாதையில் தாழ்ந்த பக்கம் எது? பெரும்பாலும் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஓடை. சிக்கி நிற்பது வெட்கம், அவ்வளவுதான். சரிந்து போவது வேறு விடயம்.

ஆகவே பக்கவாட்டுச் சரிவில் பூட்டைப் போடாதீர்கள், போட்டிருந்தால் வேகம் கொடுக்காதீர்கள். இறக்கத்தில் பூட்டு உங்கள் நண்பன் அல்ல. இறக்கத்துக்கு லோ கியரும் நல்ல பிரேக்கும்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஒழுங்கு இப்படி வருகிறது. கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் முதலில் நான்கு நல்ல டயர், அடுத்தது பிரேக். பூட்டுப் போட்டு வழவழத்த டயரில் ஓடுவது, குடை வாங்கி வெறுங்காலோடு பனியில் நடப்பது மாதிரி. அதன் பிறகும் தேவை இருந்தால், சாரதி போட்டு எடுக்கும் பூட்டு ஒன்று, பின் அச்சுக்கு மட்டும். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போகும், ஆகவே பின் அச்சில்தான் அதற்குப் பலன் கூடுதல். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டீயரிங் இறுகும், சிறிய சுசுகியின் முன் எக்சல் மூட்டும் அதைத் தாங்காமல் உடையக்கூடும்.

பெரிய டயரும் பூட்டும் ஒன்றாகப் போட ஆசைப்படாதீர்கள். இதுவரை இரண்டு எக்சல் பகிர்ந்த பலம் முழுவதும் ஒன்றில் போகும், பெரிய டயர் அதைக் கூட்டும். வாங்கும் முன் எக்சலின் பல் எண்ணிக்கையைப் பாருங்கள், எல்லா வருட மாதிரியிலும் அது ஒன்றல்ல. பூட்டுப் போட்டிருப்பதைக் காட்டும் விளக்கு சாரதியின் கண்ணில் படும் இடத்தில் எரிய வேண்டும். அந்த வண்டியை மாறி ஓட்டும் தம்பிக்கும், மச்சானுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். மழை வருமுன் வெறும் மைதானத்தில் போட்டு எடுத்துப் பழகுங்கள், நோயாளியை வைத்துக்கொண்டு முதன்முறையாகப் பழகாதீர்கள்.

*

கடைசியாக ஒன்று. உனிமொக் விவசாயியின் வயலுக்காகப் பூட்டப்பட்டது. ட்ரக்டர் மலைக்காகப் பூட்டப்பட்டது. நோயாளியை ஏற்றும் ஜீப்புக்கு ஏன் பூட்டுத் தேவைப்படுகிறது? மனிதர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதை இன்னும் வயல் மாதிரி இருப்பதால்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்ட மக்களின் பாதைக்கு அவர்களது சபையே கைவைக்கத் தயங்கிய காலம் முப்பது வருடத்துக்கும் மேல் நீண்டது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே இப்போது பிரதேச சபை உறுப்பினரிடம் பாதையைக் கேட்பது யாசகம் அல்ல, உரிமை. ஒரு பூட்டு ஒரு ஜீப்பை மேலே ஏற்றும். வடிகால் வெட்டி, கல் அடுக்கி, கொங்கிரீட் போட்ட இருநூறு மீட்டர் எல்லோரையும் ஏற்றும். ஓட்டோவும் ஏறும், அம்பியூலன்ஸும் ஏறும்.

அதுவரை ஜீப் ஓடத்தான் வேண்டும், ஓடட்டும். ஆனால் வளைவில் விடுகிற பூட்டோடு ஓடட்டும்.

உங்கள் டிவிஷனில் வண்டி வழமையாகச் சிக்கும் இடம் எது, எந்தப் பக்கம் சரிவு என்று கீழே எழுதுங்கள். ட்ரக்டரும் லேண்ட் ரோவரும் ஓட்டிய மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு அவர்களது வித்தைகளையும் எழுதுங்கள். நாம் தொகுத்து, மழைக்கு முன் இளம் சாரதிமாருக்கும் சபைக்கும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

பாதுகாப்பாகப் போய் வாருங்கள்.